கம்பியில் கந்தகம் சேர்ப்பதில்லை, எடுக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வீடு-மனை இணைப்பில், வீடு கட்டுவோர் கம்பி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எடைபோட்டு வாங்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்க வேண்டும், மழையில் கிடந்து செதில் செதிலாக உரியும் கம்பியைத் தொடக்கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தது. அத்தனையும் சரி, பயனுள்ளதும்கூட. ஆனால் நடுவே ஒரு வரி. கந்தகமும் பாஸ்பரஸும் உரிய அளவில் சேர்க்கப்பட்டுக் கம்பிக்கு உறுதி ஏற்றப்படுவதாகக் கட்டுரையாளர் சொல்லிவிட்டார். இதை மறுத்து எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. பணிக்காலம் முழுவதும் அந்தக் கந்தகத்தைத் துரத்திக்கொண்டிருந்தவர்களோடு இருந்தவள் நான்.

வட இந்தியாவில் தாதுவை உருக்குவது முதல் தகடு உருட்டுவது வரை எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும் உருக்காலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இரும்பை உருக்கியதும் நானில்லை, ஊற்றியதும் நானில்லை. எண் சொல்வது மட்டும்தான் என் வேலை. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "மேடம், சல்ஃபர் கித்னா?" கந்தகம் எவ்வளவு என்று இந்தியில் கேள்வி. அவ்வளவுதான் பேச்சு. பத்தொன்பது என்றால் 0.019 சதவீதம். ஆறு என்றால் 0.006. எங்கள் பேச்சில் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை யாரும் சொல்வதில்லை. ஆறு என்று சொன்னால் மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்கும். பத்தொன்பது என்றால் என் ஆய்வுக்கூடத்தின் மேலேயே சந்தேகம் வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். தாதுவிலிருந்து வருவது கொஞ்சம்தான். பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் ஊதுலையில் தாதுவோடு கோக் போடுகிறோம். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டால் கிடைப்பது கோக். அப்படிச் சுடும்போது கந்தகத்தில் ஒரு பகுதி வாயுவாகப் போய்விடும், மீதி கோக்கிலேயே தங்கும். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709இல் மரக்கரிக்குப் பதில் கோக்கைப் போட்டு இரும்பு எடுத்துக் காட்டினார். அதற்கு முன் பச்சை நிலக்கரியைப் போட்டுப் பார்த்தவர்களின் இரும்பெல்லாம் கந்தகத்தால்தான் கெட்டது. மரக்கரியில் கந்தகம் அநேகமாக இல்லை. ஆகவே நம் ஊர்க் கொல்லர்களுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை.

இந்த இடத்தில் பரங்கிப்பேட்டையைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை வைத்தார். தாது சேலம் ஜில்லாவிலிருந்து போனது. எரித்தது மரக்கரி. ஆலை நிலைக்கவில்லை. இவ்வளவு கரிக்கு மரம் எங்கே போவது? ஆனால் அதே ஹீத், உருக்கில் மாங்கனீசு என்ற உலோகத்தைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அதன்பின் ஷெஃபீல்டு நகரத்து உருக்குக்காரர்கள், ஸ்வீடனிலிருந்து விலை கொடுத்து வரவழைத்த மரக்கரி இரும்பை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. மலிவான உள்நாட்டு இரும்பிலும் நல்ல உருக்கு செய்ய முடிந்தது. முறையை எடுத்துக்கொண்டார்கள், பணம் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. ஹீத்துக்கு மிஞ்சியது ஆண்டுக்கணக்கில் வழக்கு. அவருடைய மாங்கனீசு என்ன செய்தது என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. அது செய்த வேலைகளில் ஒன்று, கந்தகத்தைக் கட்டிப்போட்டது.

கட்டிப்போடாவிட்டால் என்ன ஆகும்? கந்தகம் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகும். உருகிய உருக்கு உறையும்போது இது கடைசிவரை உறையாமல் நின்று, இரும்பு மணிகளின், அதாவது நுண்படிகங்களின், எல்லைகளில் மெல்லிய படலமாகப் போய்ப் படியும். இந்தப் படலம் உருகுவது 988 டிகிரி செல்சியஸில். கம்பி உருட்டுவதோ 1100 டிகிரிக்கு மேல். வெளியே பார்க்கத் திடமான உருக்குக்கட்டி, உள்ளே மணிக்கு மணி நடுவில் திரவம். உருளைக்குள் நுழைந்ததும் ஓரங்களில் பிளக்கும். ஆலையில் இதை ஹாட் ஷார்ட் என்பார்கள். மாங்கனீசு போதுமான அளவு இருந்தால் கந்தகம் இரும்பை விட்டு அதனிடம் போய்விடும். மாங்கனீசு சல்ஃபைடு உருக 1600 டிகிரி வேண்டும். உருட்டும் சூட்டில் அது திரவமாகாது, பிளக்காது.

அப்படியானால் மாங்கனீசு போட்டால் போதுமே, கந்தகத்தை எதற்கு மெனக்கெட்டு எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். மாங்கனீசு சல்ஃபைடு சூட்டில் உருகாது, ஆனால் மென்மையானது. உருட்ட உருட்ட அது நீண்டு, தகட்டுக்குள் நூல் நூலாகவும் நாடா நாடாவாகவும் படுத்துவிடும். உருட்டிய திசையில் இழுத்தால் தகடு தாங்கும். குறுக்கே இழுத்தால், அல்லது தடிமன் வாக்கில் இழுத்தால், அந்த நாடாக்களின் வழியே அடுக்கடுக்காகக் கிழியும். பற்றவைத்த மூலைகளில் இப்படிக் கிழிந்த தகடுகளின் துண்டுகள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கின்றன. கிழிந்த இடம் மரச்சிராய் மாதிரி படிபடியாக இருக்கும். அதைப் பார்த்தவுடனேயே எண் என்ன வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். துருப்பிடிப்பதும் பல நேரம் இந்தச் சல்ஃபைடுத் துணுக்குகளை ஒட்டித்தான் குழியாகத் தொடங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த 'புளித்த' எரிவாயு போகும் குழாய்களுக்கு 0.001, 0.002 சதவீதம் கேட்பதும் இந்தச் சல்ஃபைடு நாடாக்களால்தான்.

கடலடியிலிருந்து எடுத்த டைட்டானிக் கப்பலின் தகட்டை 1990களில் அமெரிக்காவில் சோதித்தார்கள். கந்தகம் 0.069 சதவீதம் இருந்தது. கப்பல் மூழ்கியதற்குக் கந்தகம்தான் காரணம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பனிப்பாறையில் அந்த வேகத்தில் மோதினால் எந்தத் தகடும் திணறும், அந்தக் காலத்து உருக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த 69 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. கீழே கம்பிக் கணக்கு வரும்போது ஒப்பிட உதவும்.

கட்டுரையாளருக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். கந்தகத்தை வேண்டுமென்றே சேர்க்கும் உருக்கும் உண்டு. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் யாரிடமாவது இ.என். 1 ஏ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஃப்ரீ கட்டிங் ரகம். நட்டு, போல்ட்டு, சிறிய புஷ், குழாய் இணைப்பு எல்லாம் இதில் கடைவார்கள். அதே மாங்கனீசு சல்ஃபைடு இங்கே நல்ல பிள்ளை. உளி படும் இடத்தில் சீவல் நீளமாகச் சுருண்டு சிக்கிக்கொள்ளாமல் பொடிப்பொடியாக உடையும், உளி நாளாவட்டத்தில் தேய்வதும் குறையும். கட்டுமானக் கம்பியில் இருப்பதைப்போலப் பல மடங்கு கந்தகம் அதில் இருக்கும். கட்டுரையாளருக்குத் தகவல் சொன்னவர் இப்படி ஒரு பட்டறைக்காரராக இருந்திருக்கலாம். ஆனால் அந்த உருக்கை யாரும் தூணுக்குள் வைப்பதில்லை. அதைப் பற்றவைக்கக்கூட ஒருவரும் விரும்பமாட்டார்கள்.

இனி, எடுக்கும் கதை.

ஊதுலையிலேயே கொஞ்சம் எடுத்துவிடுகிறார்கள். சுண்ணாம்புக்கல் போடுவது ஓரளவு அதற்காகவும்தான். ஆனால் ஊதுலைக்குள்ளேயே எல்லாவற்றையும் எடுக்கப் பார்த்தால் சூடு கூட வேண்டும், உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கழிவான கசடு கூட வேண்டும், கோக் கூட வேண்டும். நம் நாட்டுத் தாதுவில் அலுமினா வேறு அதிகம். கசடு கூழாகக் கெட்டிப்பட்டு ஓட மறுக்கும். ஆகவே 0.04, 0.05, சில நாள் 0.08 வரை கந்தகத்தோடு இரும்பு வெளியே வரும். அடுத்தது கன்வெர்ட்டர். அங்கே ஆக்சிஜனை ஊதிக் கரியை எரித்து இரும்பை உருக்காக்குகிறார்கள். அங்கே கந்தகம் அவ்வளவாகப் போகாது. கந்தகத்தை வெளியேற்ற ஆக்சிஜன் இல்லாத சூழல் வேண்டும், கன்வெர்ட்டரில் ஆக்சிஜனைத் தவிர வேறொன்றும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில், ஊதுலையை விட்டு வந்து கன்வெர்ட்டருக்குள் போகுமுன், இரும்பு திரவமாக லேடில் என்ற பெரிய வாளியில் நிற்கும் நேரம்தான் சரியான நேரம். அப்போது அதில் நாலரை சதவீதம் போலக் கரி, கூடச் சிலிக்கான். இவை இரண்டும் நிறைந்த இரும்புக்குள் கந்தகம் ஒட்டாமல் தவிக்கும். வெளியே வா என்று கூப்பிட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கூப்பிடுவது மக்னீசியம், அல்லது சுண்ணாம்பு, அல்லது கால்சியம் கார்பைடு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கார்பைடு. வெல்டிங் கடைகளில் அசிட்டிலின் எடுக்கத் தண்ணீரில் போடுவார்களே, அதே கல்தான், அரைத்த பொடியாக. ஈரம் பட்டால் அசிட்டிலின் கிளம்பும் என்பதால் அந்தத் தொட்டிகளை நைட்ரஜனால் நிரப்பி மூடி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகவே எல்லோரும் தயங்குவார்கள். பிறகு மக்னீசியமும் சுண்ணாம்புப் பொடியும் சேர்ந்து வந்தன. தீக்களிமண் பூசிய நீண்ட குழாயை, லான்ஸ் என்பார்கள், லேடிலுக்குள் அடிவரை இறக்கி நைட்ரஜன் அழுத்தத்தில் பொடியை ஊதுவது. இரும்பின் சூடு 1350 டிகிரி. மக்னீசியம் 1090 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே உள்ளே போனதும் குமிழ் குமிழாகப் பொங்கும். லேடில் முழுவதும் குதிக்கும். தப்பி மேலே வரும் ஆவி காற்றில் பட்டு வெள்ளை வெளேரென்று எரியும், கண்ணாடி இல்லாமல் பார்க்கக்கூடாது. அதோடு கரித்தகடுகள், இரும்பு குளிரும்போது பிரியும் கிராஃபைட், மினுமினுவென்று கூடம் முழுவதும் பறந்து சட்டைப்பையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் போய் உட்காரும். கிஷ் என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வந்து தலையைச் சீவினால் சீப்பில் பளபளக்கும்.

ஜப்பானியர் வேறு வழி கண்டார்கள். 1960களில் ஹிரோஹாட்டா ஆலையில் உருவான முறை. தீக்களிமண்ணாலான பெரிய மத்தை இறக்கி இரும்பைச் சுழலவிட்டு, சுழியில் சுண்ணாம்பைப் போடுவது. கே.ஆர். முறை என்று சொல்வார்கள். மக்னீசியம் விலை உயர்ந்தது, சுண்ணாம்பு மலிவு. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், சூடும் அதிகம் போகும், மத்தும் தேயும். எது மேல் என்ற சண்டை ஆலைக்கு ஆலை நடக்கும். என்னைக் கேட்டால், எந்த முறையானாலும் கடைசியில் கசடு வாருகிறவன் கையில்தான் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கரும்புச்சாறு கொப்பரையில் கொதிக்கும்போது சுண்ணாம்பு போடுகிறார்கள், அழுக்கு திரண்டு மேலே வருகிறது, அதைப் பெரிய சல்லடைக் கரண்டியால் வாரிக் கொட்டுகிறார்கள். வாராமல் விட்டால் சுண்ணாம்பு போட்டதே வீண். இரும்பிலும் அப்படியே. மக்னீசியம் சல்ஃபைடும் கால்சியம் சல்ஃபைடும் கசடாக மேலே மிதக்கும். லேடிலைச் சாய்த்து, நீண்ட கைகொண்ட ஓர் இயந்திரத்தால் அந்தக் கசடை வழித்துத் தள்ள வேண்டும். வழிக்கும்போது கொஞ்சம் இரும்பும் சேர்ந்து போகும். அது நஷ்டம். ஆகவே மேலாளருக்குக் கண் இரும்பின் மேல், எனக்குக் கண் கந்தகத்தின் மேல். அவசரத்தில் பாதி கசடை விட்டு லேடிலை அனுப்பினால், கன்வெர்ட்டருக்குள் ஆக்சிஜன் பட்டதும் சல்ஃபைடு உடைந்து கந்தகம் திரும்ப இரும்புக்குள்ளேயே குதித்துவிடும்.

150 டன் லேடில் ஒன்றில் 0.050 சதவீதம் என்றால் 75 கிலோ கந்தகம். அதை 0.005க்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது ஏழரைக் கிலோ. மீதி அறுபத்தேழு கிலோவுக்கு மேல் அந்தக் கசடுக்குள் இருக்கிறது. அதை வெளியே முற்றத்தில் கொட்டித் தண்ணீர் தெளிக்கும்போது கிளம்பும் அழுகிய முட்டை நாற்றத்தை ஆலைக் குடியிருப்பில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள்.

என் சண்டைக்கு வருகிறேன். ஊதி முடித்ததும் லேடிலிலிருந்து மாதிரி எடுப்பார்கள். லாலிபாப் என்று பெயர், வடிவம் அப்படியே இருக்கும். அதைக் காற்றுக் குழாய் வழியாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். குழாய் 'டப்' என்று துப்பும்போது மாதிரி இன்னும் சுடும். அறுத்து, தேய்த்து, ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பொறி அடித்தால் சில நொடிகளில் எண். நான் சேர்ந்த புதிதில் இப்படி இல்லை. பொடியைப் பீங்கான் படகில் வைத்து, உலைக்குழாய்க்குள் தள்ளி, ஆக்சிஜன் விட்டு எரிப்போம். வரும் கந்தக வாயு கஞ்சிப்பசை கலந்த நீல நிறக் கரைசலுக்குள் போகும். நீலம் மங்கும். மங்கவிடாமல் அயோடேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி விட்டோமோ அதிலிருந்து கணக்கு. அந்த நீலத்தை இரவு முழுவதும் பார்த்துப் பழகியதால் புடவைக் கடையில் இன்றும் எனக்கு நீலத்தில் தடுமாற்றம் கிடையாது.

மாதிரி வெள்ளையாக உறைந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. உடைத்தால் முறிவு வெள்ளி போல இருக்க வேண்டும். மெதுவாக ஆறிச் சாம்பல் நிறமாக உறைந்திருந்தால் கரி தனியே பிரிந்து நிற்கும், பொறி தப்பான எண் சொல்லும். சாம்பல் மாதிரியைத் திருப்பி அனுப்புவேன். அங்கே லேடில் காத்திருக்கிறது, கன்வெர்ட்டர் காத்திருக்கிறது, இரும்பு நிமிடத்துக்கு நிமிடம் ஆறுகிறது, இந்த அம்மா மாதிரியைத் திருப்பி அனுப்புகிறாள். வாங்கிக்கட்டிக்கொண்ட வார்த்தைகளைத் தங்கள் நாளிதழில் போட முடியாது.

பெரிய சண்டை வேறு. லேடிலில் 6 என்று சொல்லியிருப்பேன். கன்வெர்ட்டர் முடிந்து வந்த மாதிரியில் 18. உடனே தொலைபேசி. லேப் தப்பு. ஒரு மணி நேரத்தில் இரும்பில் கந்தகம் எப்படி மூன்று மடங்காகும்? ஆகும். ஒன்று, கசடைச் சரியாக வாரவில்லை. இரண்டு, கன்வெர்ட்டரில் போட்ட பழைய இரும்பில் கந்தகம் இருந்தது. இதற்காகவே மாதிரிகளை ஹீட் எண், அதாவது ஒரு தடவை உருக்கியதற்குத் தரும் எண், எழுதி இழுப்பறையில் போட்டு வைத்திருப்பேன். சந்தேகப்பட்டு வந்தவர் கண்ணெதிரே பழைய மாதிரியை எடுத்து, எரிப்பு முறையில் இன்னொரு தடவை சோதித்துக் காட்டுவேன். 6 ஆறாகவே இருக்கும். வந்தவர் மௌனமாகப் போய்க் கசடு வாரும் ஷிஃப்ட்டைப் பிடிப்பார். நன்றி சொன்னவர்கள் குறைவு.

இவ்வளவையும் எழுதக் காரணம் பழம்பெருமை இல்லை. தங்கள் வாசகர் வாங்கப்போகும் கம்பி பெரும்பாலும் இந்த வழியாக வருவதில்லை என்பதுதான் காரணம்.

நம் மாநிலத்தில் கடைகளில் கிடைக்கும் டி.எம்.டி. கம்பியில் ஒரு பகுதி, பெரிய ஆலைகளிலிருந்து வருவது. இன்னொரு பகுதி, கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள இன்டக்ஷன் ஃபர்னஸ் என்ற மின்உலைகளில் பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் (தாதுவை உருக்காமலே சூளையில் சுட்டு எடுத்த இரும்பு) உருக்கி உருட்டியது. இன்டக்ஷன் ஃபர்னஸ் உருக்கும், சுத்தம் செய்யாது. அதன் உள்பூச்சு பெரும்பாலும் மணல்வகை. கந்தகத்தை இழுக்கும் சுண்ணாம்புக் கசடை அதில் போட்டால் பூச்சையே தின்றுவிடும். ஆகவே உள்ளே என்ன கந்தகம் போனதோ அதுதான் வெளியே வரும். ஸ்பாஞ்ச் அயர்ன் செய்யும் சூளையில் நிலக்கரியின் கந்தகத்தைப் பிடிக்க டோலமைட் என்ற சுண்ணாம்புவகைக் கல்லைப் போடுகிறார்கள், அங்கே ஓரளவு கட்டுப்பாடு இருக்கிறது. பழைய இரும்பில் கட்டுப்பாடு வாங்குகிறவரின் கண்ணிலும் நாணயத்திலும்தான் இருக்கிறது. மேலே சொன்ன கோயம்புத்தூர் லேத்துகளின் ஃப்ரீ கட்டிங் சீவல் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? எண்ணெயோடு, பழைய இரும்புக் கடைக்கு. வார்ப்பிரும்புத் தூளும் அப்படியே. அங்கிருந்து உலைக்கு. லேத்தில் நல்ல பிள்ளையாக இருந்த சல்ஃபைடு வீட்டுத் தூணுக்குள் வந்து சேர இதைவிடச் சுருக்கமான பாதை இல்லை.

சிறிய ஆலைகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதினால் அது அடுத்த பொய்யாகிவிடும். நல்ல பழைய இரும்பைப் பொறுக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டக்ஷன் ஃபர்னஸுக்குப் பின்னால் லேடில் ஃபர்னஸ் வைத்து, அங்கே சுண்ணாம்புக் கசடும் அலுமினியமும் ஆர்கான் வாயுவும் கொண்டு கந்தகத்தை எடுப்பவர்களும் வந்துவிட்டார்கள். பெரிய ஆலைப் பெயர் பொறித்த கம்பி என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம். பெயரைப் பார்த்து எண் சொல்லும் வழக்கம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை.

எண் எங்கே கிடைக்கும்? ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலையில் ஒவ்வொரு ரகத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. கடைகளில் விற்கும் எஃப்.ஈ. 500 ரகத்துக்குக் கந்தகம் 0.055 சதவீதம் வரை, பாஸ்பரஸ் 0.055 வரை, இரண்டும் சேர்ந்து 0.105க்குள். எஃப்.ஈ. 500 டி ரகத்துக்குக் கந்தகம் 0.040, பாஸ்பரஸ் 0.040, இரண்டும் சேர்ந்து 0.075க்குள். இந்த 'டி' ரகம் முறியுமுன் அதிகம் நீண்டுகொடுக்க வேண்டும். சாதா 500க்கு 12 சதவீதம் நீட்சி போதும், 'டி'க்கு 16 வேண்டும். வலிமை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்போது அந்த 69ஐ எடுத்து 55க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய கப்பல் தகட்டுக்கும் இன்று நாம் சட்டப்படி வாங்கக்கூடிய கம்பிக்கும் கந்தகத்தில் அவ்வளவுதான் தூரம். மற்ற பல வகைகளில் இன்றைய கம்பி மேலானது என்பது உண்மை, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 'டி' வாங்க வழியிருக்கும்போது விலை வித்தியாசத்துக்காகத் தயங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒரு சாதாரண வீட்டுக்கு நாலு டன் கம்பி போகிறது என்று வைத்துக்கொண்டால், வரம்பைத் தொடும் சாதா ரகத்தில் 2.2 கிலோ கந்தகம் வீட்டுக்குள் இருக்கும். 'டி'யில் அதிகபட்சம் 1.6 கிலோ. நல்ல ஆலையின் கம்பியில் இதைவிடக் குறைவு.

கம்பிக் கட்டோடு ஹீட் எண் எழுதிய சிட்டை தொங்கும். அந்த ஹீட்டுக்கு ஆலை கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட் ஒன்று இருக்கும். கடைக்காரரிடம் அதைக் கேட்க வேண்டும். கேட்டால் பல கடைகளில் ஒரு சிரிப்பு வரும். "என்னம்மா, பாலமா கட்டப்போறீங்க?" என்று என்னிடமே கேட்டார் ஒருவர். என் தங்கை மகனுக்கு வீடு கட்டக் கம்பி வாங்கப் போனபோது நடந்தது. அவன் சங்கடப்பட்டு, "பெரியம்மா, விடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. தொலைபேசியில் அரைமணி நேரத்தில் சர்டிபிகேட் வந்தது. கந்தகம் 0.031, பாஸ்பரஸ் 0.034. அதே ஹீட் எண்தானா என்று கட்டுக் கட்டாகப் பார்த்தேன். இரண்டு கட்டில் வேறு எண். அதற்கும் சர்டிபிகேட் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் சர்டிபிகேட்டை என்னிடமிருந்து வாங்கி அவரும் ஒருமுறை படித்தார். அதுவரை அவர் படித்ததில்லை போலிருக்கிறது.

கொத்தனாரிடம் இதைச் சொன்னால் அவர் வேறு கேட்பார், அதுவும் சரியே. இடைவெளி விடும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையோடு ஒட்டிக் கட்டிவிட்டு, ஜல்லியில் தண்ணீரைக் கொட்டிக் கலவை போட்டுவிட்டு, கம்பி துருப்பிடித்ததற்குக் கந்தகத்தைக் குறைசொல்ல முடியாது. கம்பியைக் காப்பது முதலில் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட். கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். இன்னொன்று, வளைத்த கம்பியைத் தளத்தில் திரும்ப நிமிர்த்தி, தப்பான இடத்தில் மறுபடி வளைப்பது நம் ஊரில் சகஜம். கந்தகமும் பாஸ்பரஸும் வரம்பைத் தொடும் கம்பியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். கந்தகமும் பாஸ்பரஸும் சாதாரணக் கட்டுமானக் கம்பியில் சேர்க்கப்படுவதில்லை, இருக்கக்கூடிய அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது என்று இரண்டு வரி போதும். அடுத்து, கம்பி விலைப் பட்டியல் தாங்கள் வாராவாரம் வெளியிடுகிறீர்கள். 8 எம்.எம்., 10 எம்.எம்., 12 எம்.எம். என்று போடும் அதே பெட்டியின் கீழே, 500 என்றால் 0.055, 500 டி என்றால் 0.040, சர்டிபிகேட்டில் கந்தகத்தைக் குறிக்கும் எஸ் என்ற கட்டத்தைப் பார்க்கவும் என்று ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறது. சென்ற ஞாயிறு அந்த இடத்தில் ஒரு மாடுலர் கிச்சன் விளம்பரத்தின் ஓரம் வெள்ளையாகத்தான் கிடந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உருக்காலை ஆய்வுக்கூடப் பணியாளர்,
சேலம்